அரைச் சூரியன்

சோமனூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்
மருந்து கொடுக்கும் சன்னல் என்னுடையது.
அகலம் ஒரு முழம். கீழே கை நுழையுமளவு ஓட்டை.

செவ்வாய்க்கிழமை சர்க்கரைக்காரர்கள் வருவார்கள்.
பாதிப்பேர் தறிக்குடோன் ஆட்கள்.
முப்பது வருசம் அந்தச் சத்தத்தில் கிடந்த காதுகள்.
நான் சொல்வதைக் கேட்பதில்லை, உதட்டைப் பார்ப்பார்கள்,
பார்த்துவிட்டு "ஆமாங்" என்பார்கள்.
எதற்கு ஆமாங் என்று
எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

அதனால்தான் படம் போட ஆரம்பித்தேன்.
பழுப்புக் கவரில், மகளின் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால்,
கோட்டுக்கு மேல் அரைச் சூரியன்: காலை.
முழுச் சூரியன்: மத்தியானம்.
பிறை: ராத்திரி.
பெரிய டாக்டர் பார்த்து "சூப்பர்மா" என்றார்.
இரண்டு வாரம் கர்வமாக இருந்தேன்.

மூன்றாவது வாரம் ஆறுக்குட்டி அண்ணனை
டிவிஎஸ் ஃபிப்டியில் இருவருக்கு நடுவே
செருகிக் கொண்டுவந்தார்கள்.
சட்டையைப் பிழிந்தால் தண்ணீர்.
புருவத்தில் பஞ்சுப் பிசிறு,
வாயோரம் யாரோ திணித்த நாட்டுச்சர்க்கரை.
ரத்தத்தில் நாற்பத்தெட்டு.

குளுக்கோஸ் ஏறிக் கண் திறந்ததும்
தறி ஓடுகிறாற்போலவே கத்திச் சொன்னார்:
"நீங்க வரைஞ்சாப்பலயே போட்டனுங்.
நைட் ஷிப்டு உட்டு வெளிய வந்தேன்,
அரைச் சூரியன் நின்னுச்சு.
மாத்தரயப் போட்டுட்டுப் படுத்துட்டனுங்."

சாப்பிடவில்லையா?

"எந்திரிச்சுத்தானுங் சோறு. பொழுதோட."
அப்புறம், குற்றமாக அல்ல, ஒரு சந்தேகமாக:
"அப்பவும் அரைச் சூரியன்தானுங்களே நிக்குது?"

என் கோட்டில் கிழக்கு எங்கே இருந்தது?
நான் கண்விழிக்கிற நேரத்தை
எல்லார் கவரிலும் ஒட்டி அனுப்பியிருக்கிறேன்.

டாக்டர் அளவைக் குறைத்தார், நேரத்தை மாற்றினார்.
புதுக் கவர் எடுத்து
என்ன வரைவதென்று உட்கார்ந்திருந்தேன்.
பேனாவை அவரே வாங்கிக்கொண்டார்.
இழை முடிகிற விரல்கள். நடுக்கம் இன்னும் விடவில்லை,
கோடு மட்டும் நேராக வந்தது.
ஒரு தூக்குப்போசி. கைப்பிடி, மூடி,
மூடியோரம் ஒடுக்கு விழுந்த இடம்கூட.

"இதத் தொறக்கறதுக்கு முந்தியா,
தின்னு முடிச்ச பொறகா?
அத மட்டும் சொல்லுங்."

போசிக்கு இந்தப் பக்கம் சின்னப் புள்ளி.
அந்தப் பக்கம் பெரிய புள்ளி.
போசி இல்லாத நாளுக்கு
சின்னதன் மேல் ஒரு பெருக்கல் குறி.
அவர் என் உதட்டைப் பார்க்கவில்லை.
கவரைப் பார்த்தார்.

அடுத்த செவ்வாய் எல்லார் கவரிலும் போசி.
வீட்டில் தார் சுற்றுகிற வேலாத்தாள்
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
ஓட்டை வழியே உள்ளே தள்ளினார்.
"இந்தப் போசி எங்கூட்டுதில்லீங்.
நானு வட்டல்லதானுங் திங்கறது."

வரிசையில் இன்னும் நாற்பது பேர்.
பேனா காய ஆரம்பித்திருந்தது.
முனையில் எச்சில் தொட்டு
பெரிதாக ஒரு வட்டம் போட்டு நீட்டினேன்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.
"சூரியனுங்களா?"