நான் இல்லாத வியாழன்

கணக்காளர் எல்பியோ
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்:
"சுல்மா, நீ இல்லாமல் இந்தக் கடை
எத்தனை நாள் ஓடும்?"

ஓடாது என்றேன்.
சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"அப்படியென்றால் விற்க இங்கே ஒன்றுமில்லை" என்றார்.
"ரவியோலி எந்திரம், இரண்டு ஃப்ரீசர்,
மாவேறிய ஒரு தராசு.
பழைய இரும்புக்காரனைக் கூப்பிடவா?"

மொண்டேவிடியோவில் அன்று மழை.
பாஸ்தா வெந்த ஆவியில்
கடைக் கண்ணாடி வியர்த்திருந்தது.
பத்தொன்பது வருடத்தில் நான் அடைத்தது
மொத்தம் ஏழு நாள்:
பிரசவத்துக்கு நான்கு,
அப்பாவை அடக்கம் செய்ய இரண்டு,
சாக்கடை பொங்கி மாவு மூட்டை மிதந்தபோது ஒன்று.

மூன்று வருடத் திட்டம்.
முதல் வருடம் அளவுகளை எழுத வேண்டும்.
எதை எழுதுவது?
"போதும் என்று தோன்றும் வரை உப்பு"
என்பதை எல்பியோ ஏற்கவில்லை.
ஆகவே ஒரு கிலோ கிழங்குக்கு
நான் அள்ளிப் போடப் போட
வில்சன் என் கைக்குக் கீழே தராசை நீட்டினான்.
பதினொன்று.
பதினொன்று.
பதின்மூன்று.
பதின்மூன்று வந்த காலையில்
வங்கியிலிருந்து கடிதம் வந்திருந்தது.
"சராசரி போட்டுக்கலாம்" என்றான் வில்சன்.
என் கைமணம்
பதினொன்றே சொச்சம் கிராம்.

இரண்டாம் வருடம்
என் போனில் இருந்தவர்களையெல்லாம்
கடையின் போனுக்கு மாற்றினோம்.
ரிக்கோட்டா கொண்டுவரும் டான்ட்டே கேட்டார்:
"உன்னோடு பேசணும்னா எந்த நம்பர்?"
எதைப் பற்றி?
"ஒண்ணுமில்ல. சும்மா."
அதற்கு நோட்டில் கட்டம் இல்லை.

மூன்றாம் வருடம்
வியாழக்கிழமை வரக் கூடாது என்று உத்தரவு.
முதல் வியாழன்
ஆற்றோரச் சுவரில் உட்கார்ந்து
மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.
டீக்கலர் தண்ணீர், மறுகரை தெரியாத அகலம்.
மடியில் போன்.
அது அடிக்கவில்லை.
பதினொன்றரைக்கு நானே அடித்தேன்.
"கூட்டமா இருக்கு, அப்புறம்" என்று
யானினா வைத்துவிட்டாள்.

மாதக் கடைசியில் எல்பியோ
இத்தனை வருடப் பழக்கத்தில் முதல் தடவையாக
என் கன்னத்தில் முத்தமிட்டார்.
வியாழன் விற்பனை
நூற்றுக்கு நான்கு கூடியிருந்தது.
"செவ்வாயும் வராதே" என்றார்.
நான் குறையக் குறைய
விலை ஏறியது.
செத்துப்போனால்
இன்னும் நல்ல விலைக்குப் போகுமா என்று கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
"அதற்கு வேறு படிவம்" என்றார்.

வாங்க வந்தவர்கள் மூன்று தரப்பு.
ஒருவர் இடத்தை மட்டும் கேட்டார், போன் கவர் விற்க.
ஒரு பெரிய கம்பெனி
பெயரையும் என் படத்தையும் கேட்டது,
கையில் உருட்டுக்கட்டையோடு, சிரித்த முகமாக.
உருட்டுக்கட்டையை நான் தொட்டே
பன்னிரண்டு வருடம் இருக்கும்.
மூன்றாவதாக வந்தவர்கள்
பின்கட்டிலிருந்தே வந்தார்கள், ஏப்ரனோடு.
வில்சனும் யானினாவும்.
அறுபது மாதத் தவணை.
எல்பியோ அந்தத் தொகையை வட்டமிட்டு
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.
நான் அதன் மேலேயே கையெழுத்துப் போட்டேன்.
நல்லெண்ணம் என்றெல்லாம் இல்லை:
தவணை தவறினால் திட்ட
ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

இதுவரை தவறவில்லை.

இன்று இருபத்தொன்பதாம் தேதி.
இந்த ஊரே ஞோக்கி தின்று
தட்டுக்கடியில் காசு வைக்கும் நாள்.
வரிசை திருப்பம் வரை நின்றது.
நானும் நின்றேன், டோக்கன் நாற்பத்து மூன்று.
முன்னால் நின்ற பையன் திரும்பி
"இங்கே நல்லா இருக்குமா?" என்றான்.
எனக்குத் தெரியாது, கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன்.
யானினா அரைக் கிலோ கட்டிக்கொடுத்து
காசை வாங்கிக்கொண்டாள்.
வாங்கிக்கொண்டதுதான் எனக்குப் பிடித்தது.

வீட்டில் தட்டுக்கடியில் ஒரு பேசோ வைத்து
முதல் வாய் போட்டேன்.
உப்பு ஒரு சிட்டிகை குறைவு.

போனை எடுத்தேன்.
வியாழக்கிழமை.
வைத்தேன்.

குறைவாகவும் இருக்கலாம்.
இல்லையென்றால் இன்று நான்
பதின்மூன்றில் இருக்கிறேன்.