போன வருடம் ஒன்பது

வெறும் வயிற்றில் ஏழு குழாய் ரத்தம்.
பிறகு பன்னிரண்டு சொற்கள் வாசித்தார்கள்;
இருபது நிமிடம் கழித்து வெர்னெல் திருப்பிச் சொல்ல வேண்டும்.

ஐந்து வந்தது.

எச்.ஐ.வி. அடங்கிக் கிடக்கிறது,
பத்தொன்பது வருட மாத்திரை.
இப்போது சர்க்கரையாம்:
இன்சுலின் தட்டுகிறது, செல் கதவு திறப்பதில்லை.
சிகாகோவில் பஸ் ஓட்டுகிறவளுக்கா
இதை விளக்க வேண்டும்?
எத்தனை பேரைப் பனியில் தட்டவிட்டுக்
கிளம்பியிருக்கிறாள், நேரமாயிற்றென்று.

மறதி அதனாலா, வயதினாலா,
தூங்காத இரவுகளாலா?
"இன்னும் தெரியவில்லை" என்றாள் நர்ஸ்.
அந்த நேர்மை பிடித்திருந்தது.

வெஸ்டர்ன் அவென்யூ. சிவப்பு விளக்கு.
வைப்பர் ஒருமுறை போய்வந்தது.

மரகதம்.

சத்தமாகவே சொல்லிவிட்டாள்.
முன் சீட்டுக் கிழவர் திடுக்கிட்டு,
"அடுத்த ஸ்டாப்பா?" என்று
பையை எடுத்துக்கொண்டார்.