நவம்பர், மூன்றாவது கவுன்ட்டர்

பெருவிரலை வைத்தேன்.
இயந்திரம் யோசித்தது, சிவப்பாக.
"இன்னொருக்கா வைங்க சார், அழுத்தி."
வருடத்துக்கு ஒரு தடவை வங்கியில் வந்து
நான் இன்னும் சாகவில்லை என்று
நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

படிவத்தில் பெயர் அர்த்தநாரி.
மலைமேல் பாதி பெண்ணாக நிற்கும் சாமியின் பெயர்.
திருச்செங்கோட்டில் தெருவுக்கு நாலு பேருக்கு உண்டு.
டேராடூனில் சுருக்கி 'நாரி' என்றார்கள்.
இந்தியில் பெண் என்று அர்த்தமாம்.
அதற்காக ஒருவன் பல்லை உடைத்தேன்,
பதினான்கு நாள் முதுகில் மூட்டையோடு ஓடினேன்.
இரண்டு ரயில் மாறி
என் கல்யாணத்துக்கு வந்தவன் அவன் ஒருவன்தான்.

பதவி என்ற கட்டத்தில் இடம் போதவில்லை.
'மேஜர் ஜென' வரை உள்ளே,
மீதி கோட்டுக்கு வெளியே.
முப்பத்தேழு வருடம் தோண்டினேன், பாலம் போட்டேன்,
கண்ணிவெடி எடுத்தேன்,
எடுத்ததை வேறிடத்தில் வைத்தேன்.

ஒரு தடவை ஜெய்சல்மேருக்கு அப்பால்
மணலைத் தவிர ஒன்றுமில்லாத இடத்தில்
நம்மூர் ரிக் வண்டி எண்ணூறு அடியில் நின்றது.
லாரி நிழலில் பையன்கள் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள்.
யூனிஃபார்மைக் கண்டு எழுந்தவர்கள்
"எந்த ஊருங்க?" என்று கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்கள்.
"தண்ணி வருதா?"
"பொகைதான் வருதுங்க."
என் உத்தியோகத்தை அதைவிடச் சுருக்கமாக
எந்த வருடாந்தர அறிக்கையும் சொன்னதில்லை.

டோக்கன் நாற்பத்தொன்று
என் பின்னால் நின்றிருந்தது.
"அய்யா, வையாபுரி சம்சாரமுங்க. பாவாயி."
விசைத்தறியில் தேய்ந்த விரல்கள்.
அவளுக்கும் சிவப்புதான்.

ஹவில்தார் வையாபுரி.
அன்று ராத்திரி பனி சரிந்து
சாலைக் குழுவில் இரண்டு பேர்.
இவனும், கோலார்ப் பக்கத்து முனிராஜும்.
நான் அப்போது கமாண்டிங் ஆபீசர்.
மற்ற கடிதங்களை கிளார்க் டைப் அடிப்பான்,
சாவை மட்டும் என் கையால் எழுதுவேன்.
கையுறை கழற்றினால் விரல் மரக்கும் குளிரில்
ஒரு லாந்தர், இரண்டு தாள்.

பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள்.
என் எழுத்து இன்னமும் அட்டென்ஷனில் நின்றது.
'தங்கள் கணவர் வேலை நேரம் முழுக்கப் பாடிக்கொண்டே இருப்பார்.
அவர் குரலில் எங்களுக்குக் குளிர் குறைந்தது.'

"அவரு வாயத் தெறந்து பாடி
நான் கேட்டதே இல்லீங்க," என்றாள்.
"பேசறதே கடன் கேக்கற மாதிரிதான் பேசுவாரு.
அங்க போயிப் பாடியிருக்காரு, எங்கிட்டத்தான் பாடலைன்னு
ரெண்டு வருசம் கோவமா இருந்தேன்.
செத்தவருமேல."

பாடியவன் முனிராஜ்.
தெலுங்கில். எங்களில் பாதிப் பேருக்குப் புரியாது.

"என்ன பாட்டுங்க பாடுவாரு?"

விசாரணைக் குழு முன்னால் மூன்று முறை நின்றிருக்கிறேன்.
இடிந்த பாலத்துக்கு 'கணக்குத் தப்பு என்னுடையது' என்று
கையெழுத்துப் போட்டு
ஒரு பதவி உயர்வைத் தாமதமாக வாங்கியவன்.

"கும்மிப் பாட்டுங்கம்மா," என்றேன்.

கடிதத்தில் இருந்தது பிழை.
இது பொய்.

"கும்மியா," என்றாள்,
தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தபடி.
"ஆம்பளை கும்மி பாடுவாங்களா?"
சிரிப்பா, சந்தேகமா, தெரியவில்லை.
ஒரு டிவிஷனை நகர்த்திய எனக்கு
அந்த முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

கவுன்ட்டர் பெண் தலை நிமிர்ந்தாள்.
"சர்வர் போயிருச்சு. ரெண்டு பேரும் வியாழக்கிழமை வாங்க."
உயிரோடிருப்பது
நான்கு நாள் ஒத்திவைக்கப்பட்டது.

கோலார்ப் பக்கம் ஒரு வீட்டில்
அந்த இன்னொரு தாள் இருக்கும்.
'அதிகம் பேசாதவர். சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில்.'
தூக்கத்திலும் வாய் மூடாத முனிராஜைப் பற்றி.
அதைப் படித்து
அங்கே யாராவது
ஒரு நிமிடம் சிரித்திருக்கட்டும்.