இரண்டு விரல் ஆட்டம்

தெமட்டகொட மேம்பாலத்தில்
இடப்பக்கம் திருப்பினேன்.
வான் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது.

அந்த யோசனையை
ஒரு வருஷமாக எனக்குத் தெரியும்.
முதலில் அரை விரல்.
மே மாத மழைக்குப் பிறகு ஒரு விரல்.
இப்போது ஸ்டியரிங்கை இரண்டு விரலளவு சுழற்றினாலும்
கீழே சக்கரத்துக்குச் செய்தி போவதில்லை.
ஆமர் வீதிப் பள்ளங்களில் கூடவே ஒரு டக்,
யாரோ கதவைத் தட்டிவிட்டு
பதில் வரும்வரை நிற்பதுபோல.

பின்னால் பதினான்கு பிள்ளைகள்.
பதினான்கு தண்ணீர்ப் போத்தல்கள்.

'புருல்' என்றார் உபாலி பாஸ், சனிக்கிழமை,
என் சீட்டுக்குக் கீழே தகட்டைக் கழற்றி
தலையை உள்ளே விட்டபடி.
நாங்கள் ஆட்டம் என்போம்.
பள்ளி விழாவுக்குப் பிள்ளைகள் பழகுவதும் அதே சொல்.

டோர்ச் வெளிச்சத்தில் காட்டினார்:
தண்டு வளைகிற இடத்தில் ஒரு மூட்டு.
இரண்டு கவைகள், நடுவே
என் சங்கிலியில் தொங்குவதைவிடச் சற்றுப் பெரிய
இரும்புச் சிலுவை.
அதன் நான்கு முனையிலும் ஊசி ஊசியாய்ப் பேரிங்,
கிறீஸ் காய்ந்து
மிளகாய்த்தூள் நிறத்தில் மாவாகிக் கொட்டியிருந்தது.
தொட்டு மணந்தேன். பழைய சில்லறைக் காசின் வாசம்.

'வெல்ட் வச்சுத் தரவா, ஆயிரம் ரூபாதான்'
என்றான் டயர் கழற்றிக்கொண்டிருந்த பையன்.
வெல்ட் வைத்த மூட்டு மூட்டல்ல, பிடிவாதம்.
ஒருநாள் சொல்லாமல் முறியும்.
உபாலி பாஸ் தலையை வெளியே எடுத்து
அவனை ஒருதரம் பார்த்தார்.
அவன் டயரோடு பேசப் போய்விட்டான்.

கழற்றுமுன் அடையாளம் வேண்டும்,
பெயின்ட் இல்லை.
என் கைப்பையில் நகப்பூச்சு இருந்தது,
தங்கச்சியின் கலியாணத்துக்கு வாங்கியது, கருஞ்சிவப்பு.
தண்டில் ஒரு கோடு.
கவையில் ஒரு கோடு.

பஞ்சிகாவத்தையில் ஆறு கடை ஏறி இறங்கினேன்.
மொடலைச் சொன்னதும்
நாலு பேர் சிரித்தார்கள், ஒருவர் அனுதாபப்பட்டார்.
ஏழாவதில் ஹம்தூன் நானா
மீன் கோர்வைபோல் கம்பியில் கோர்த்த மூட்டுகளை இழுத்து
ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார்.
'ஆட்டிப் பாருங்க.'
எல்லாப் பக்கமும் வளைந்தது.
எந்தப் பக்கமும் ஆடவில்லை.

'எதுல கழட்டினது?'
'இதே டொல்பின்தான். பின்னால அடிபட்டது,
முன்பக்கம் ஒண்ணும் ஆகல்ல.'
ஓட்டினவருக்கு என்று வாயெடுத்தேன்.
அவர் பில் புத்தகத்தைத் தேடத் தொடங்கினார்,
அது அவர் கைக்குக் கீழேயே கிடந்தது.
ஒன்பதாயிரம் என்றார்.
நான் பேரம் பேசவில்லை.

பழைய கவையின் கோட்டைப் பார்த்து
வந்ததிலும் ஒரு கோடு இழுத்தேன்.
பல்லோடு பல் பொருந்தி உட்கார்ந்தது.
உபாலி பாஸ் போல்ட்டை முறுக்கி,
யோசித்து, இன்னும் கால் சுற்று முறுக்கினார்.
எங்கேயோ ஒரு பல் தவறியிருக்க வேண்டும்.
ஸ்டியரிங் நடுவிலிருந்த சின்னம்
தலையைச் சாய்த்துக் கேட்பதுபோல் நின்றது.
திரும்பக் கழற்றவா என்றார்.
வேண்டாம், கேட்கட்டும் என்றேன்.

திங்கள் காலை, ஜிந்துப்பிட்டி வளைவு.
வழக்கம்போல் இரண்டு விரலைக் கூட்டித் திருப்பினேன்.
வான் நான் சொன்னதையும் கேட்டது,
சொல்லாததையும் கேட்டது.
நடைபாதையில் அன்னாசி வெட்டிக்கொண்டிருந்தவர்
தட்டோடு துள்ளினார்.
கண்ணாடியை இறக்கி மன்னிப்புக் கேட்டேன்.
அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

புருல் வண்டியில் இல்லை.
என் இரண்டு கையிலும் இருக்கிறது,
மணிக்கட்டிலிருந்து தோள்வரை.
அதற்குப் பஞ்சிகாவத்தையில் சாமான் கிடையாது.

முன் சீட்டில் ஷெரோமி, மூன்றாம் வகுப்பு,
பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:
'அன்டி, வான் திருத்தினதா, பழுதாக்கினதா?'

பச்சை விழுந்தது.
பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தான்.
ஒரு நகத்தளவு மட்டும் திருப்பினேன்.