எந்தக் கை

காலை ஆறரைக்கே காந்தி ரோட்டு லாட்ஜுகளிலிருந்து
வரிசை புறப்பட்டுவிடும்.
வெறும் வயிறு, பிளாஸ்டிக் கவரில் பழைய ரிப்போர்ட்டுகள்,
நாலைந்து மொழிகளில் ஒரே பயம்.
நான் ரத்தம் எடுக்கிறவள். பதினோராவது நாற்காலி.
முகம் மறந்துபோகும், நரம்பு மறக்காது.
வங்காளத்தில் எனக்கு நான்கு சொற்கள் தெரியும்:
கை, மூடு, திற, முடிந்தது.

செவ்வாய்க்கிழமை ஒருத்தி வந்தாள்.
எலும்பின் மேல் புடவை சுற்றியது போல இருந்தாள்.
வலது கையைத் தட்டித் தட்டித் தேடிக்கொண்டிருந்தேன்.
கூட வந்தவர்கள் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது.
தாண்டி வந்தான் அவள் புருஷன்.
அவளது இடது கையைத் திருப்பி
முழங்கைக்கு நான்கு விரல் கீழே
கட்டைவிரல் பக்கமாக ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினான்.
ஒரே குத்து. கிடைத்தது.

அவன் ஒன்றும் அழகனில்லை.
கனிவாகப் பேசியதாகவும் தெரியவில்லை.
சீட்டை எங்கோ வைத்துவிட்டாள் என்று
லிஃப்ட் வரைக்கும் திட்டிக்கொண்டே போனான்.
எனக்கு அடுத்த ஊசியின் உறையைப் பிரிக்கக்
கொஞ்ச நேரம் ஆனது.

அன்று சாயங்காலம்
கோட்டை அகழியோரம் வண்டியை நிறுத்தி
"உன்ன ரொம்பப் புடிக்கும்" என்றான் குபேந்திரன்.
பதினாலு மாதமாகச் சொல்கிறான்.
பொய் சொல்கிற ஆளில்லை.

பிடிக்கும்.
காட்பாடியில் ரயிலைப் பிடிக்கிறோம்,
ஜன்னலோரம் இடம் பிடிக்கிறோம்.
மழையில் நனைந்தால் சளி பிடிக்கிறது.
பால் பாத்திரம் அடிப்பிடிக்கிறது.
மனுஷியையும் அந்த ஒரு சொல்லால்தான்
பிடித்தாக வேண்டியிருக்கிறது.

வண்டியில் புதிதாக ஒரு சத்தம் வந்தால்
செயினா, பேரிங்கா, சைலன்சர் போல்ட்டா என்று
ஓட்டிக்கொண்டே சொல்லிவிடுவான்.
சத்துவாச்சாரி மெக்கானிக் அவனிடம் தோற்றிருக்கிறார்.

ஆற்காடு ரோட்டில் பிரியாணி.
வழக்கம்போல என் இடப்பக்கம் உட்கார்ந்தான்.
சிறுவயதில் அம்மா மிளகாய் தடவி மாற்றியது
என் சோற்றுக் கையை மட்டும்தான்.
ஸ்பூனுக்கு, பேனாவுக்கு, ஊசிக்கு
இன்னும் இடதுதான்.
அதனால் முழங்கையோடு முழங்கை இடிக்கும்.
"கொஞ்சம் தள்ளி ஒக்காரேன்" என்பான்.
தள்ளி உட்காருவேன்.

அன்றைக்குக் கேட்டுவிட்டேன்:
"எனக்கு எந்தக் கை?"
"இன்னா கேள்வி இது?
ரெண்டு கையும்தான் புடிக்கும்."
சிரித்தான். பிறகு ஸ்பூனைப் பார்த்தான்.
"லெஃப்டா நீ? சொல்லவே இல்லியே!"

சொல்லவில்லைதான்.
பதினாலு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்,
அதைத் தனியாக வேறு சொல்லியிருக்கலாம்.

அவனும் ஒன்றைச் சொன்னதில்லை.
அவனுக்கு இடது காது மந்தம்.
மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன்.
இடப்பக்கமிருந்து யாராவது பேசினால்
அரை நொடி தாமதமாகச் சிரிப்பான்.
வண்டிச் சத்தத்தையெல்லாம் ஒற்றைக் காதால்தான் பிடிக்கிறான்.
எப்போதும் என் இடப்பக்கம் உட்காருவது
நல்ல காது என் பக்கம் இருக்கட்டும் என்றுதான்.
நான் இடம் மாறி உட்காராததும் அதனால்தான்.

அந்தக் காது என் பேச்சுக்கென்று ஒதுக்கியதா,
அவன் பழக்கமா?
நல்ல விதமாக நினைத்துப் பார்த்தேன்.
இரண்டு கவளம் வரை நினைக்க முடிந்தது.
மூன்றாவதில் முழங்கை இடித்தது.

ஜெபசெல்வியிடம் சொன்னால்
"ஆம்பளைங்க அப்படித்தாண்டி" என்று முடித்துவிடுவாள்.
அவள் சொல்வது சுலபம்.
மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்தவனும்
ஆம்பளைதானே.

திரும்பும்போது பாலாற்றுப் பாலம்.
கீழே மணலும் முள்ளும், ஒரு லாரியின் சிவப்பு விளக்கும்.
அவன் வலது தோள் பக்கமாகக் குனிந்து
"என்னைப் புடிக்கும்னியே,
எதை?" என்றேன்.

காற்றில் கேட்கவில்லை என்று
சொல்லித் தப்பிக்க முடியாத காது அது.

வண்டி மட்டும்
கொஞ்சம் மெதுவானது.