இ. பேச்சிமுத்து, 1.6.1961

"கேஷ்ல தப்பு" என்றேன் போனில்.
"கல்லால அஞ்சு பைசா குறையல தாயி,
நேத்தே எண்ணிட்டேன்" என்றார் மைதீன் பிச்சை.
ஹைகிரவுண்டில் அவருடைய ரத்தப் பரிசோதனைக் கூடம்.
அதன் இணையச் செயலி மட்டும்
வண்ணாரப்பேட்டை மாடியில், என் கையில்.

இது வேறு கேஷ் என்று விளக்கப் பார்த்தேன்.
ஒருமுறை எடுத்த விடையை,
திரும்பத் திரும்ப டேட்டாபேஸ் வரை நடக்காமல்,
பக்கத்திலேயே வைத்துக்கொள்வது.
பக்கத்தில் என்றால் எங்கே, எந்தப் பெயரில், எத்தனை மணி நேரம்,
மூன்றையும் ஒரே கோப்பில் நான்தான் எழுதினேன்.
எழுதிய அன்று இரவு மணி பதினொன்று,
பைபாஸில் பரோட்டாக் கல் தட்டி ஓய்ந்திருந்தது.

முதலில் சர்வரின் சொந்த நினைவில் வைத்தேன்.
அங்கே ஓடுவது இரண்டு வேலையாட்கள்,
ஒருவன் மண்டையில் இருப்பது மற்றவனுக்குத் தெரியாது.
மானூர்க்காரர் ஒருவர் தன் சர்க்கரை அளவைத் திறந்தார்: 94.
விரலால் இழுத்துப் புதுப்பித்தார்: 312.
மறுபடி இழுத்தார்: 94.
மூன்றில் இரண்டு, பெரும்பான்மைதானே என்று
ஜங்ஷனில் இறங்கி
சீனி தூக்கலாக இரண்டு டீ குடித்தார்.

கிடங்குதான் குற்றவாளி என்று நினைத்தேன்.
வேலையாட்கள் இருவருக்கும் பொதுவாய்
ரெடிஸ் ஒன்றை நிறுத்தி, முகவரி கொடுத்து,
காலாவதி இருபத்துநாலு மணி என்று குறித்தேன்.
மாற்றம் தெரிந்தது:
அதுவரை திக்கித் திக்கிச் சொன்ன பொய்யை
இப்போது ஒரே குரலில் சொன்னது.
94. 94. 94.

என் மேசையில் மட்டும் பிழையே வரவில்லை.
நாலு மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது,
சோதனைக்கென்று அங்கே நான் வைத்திருந்தது வெற்றுக் கிடங்கு.
கொடுத்ததை எல்லாம் வாங்கும், ஒன்றையும் வைத்துக்கொள்ளாது.
யாரையும் நினைவில் வைக்காதவன்
ஆளை மாற்றிச் சொல்வது எப்படி?

அப்புறம் சாவியைப் பார்த்தேன்.
முதலெழுத்து, பெயர், பிறந்த தேதி.
போதும் என்று எப்படித் தோன்றியது எனக்கு?
நானும் இந்த ஊரில் பிறந்தவள்தான், ஸ்டெல்லா ஜெபராணி,
என் வகுப்பிலேயே மூன்று ஜெபராணி.
பேச்சி கோயிலில் முடியிறக்கும் பத்து ஊரில்
தடுக்கி விழுந்தால் ஒரு பேச்சிமுத்து.
அண்ணன் இசக்கி, தம்பி இசக்கிப்பாண்டி,
இருவர் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே பெயர்.
பிறந்த தேதியோ
பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் போட்டது;
வரிசையில் நின்ற அத்தனை பேரும்
ஜூன் ஒன்றில் பிறந்தார்கள்.

சாவியை மாற்றினேன்.
ரத்தக் குழாயில் ஒட்டிய எண்,
அறிக்கையைக் கடைசியாகத் திருத்திய நொடி,
எல்லாவற்றுக்கும் முன்னால் பதிப்பு இரண்டு.
பழையவற்றை அழிக்கவில்லை.
அந்தப் பேரில் இனி யாரும் கூப்பிடப் போவதில்லை,
நாளை இரவுக்குள் தாமாக உதிரும்.

மானூருக்கு நானே பேசினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு என்றேன். மன்னிக்கணும் என்றேன்.
கொஞ்ச நேரம் பம்புசெட் சத்தம் மட்டும்.
"அப்போ அந்தத் தொண்ணூத்தி நாலு யாருக்கு?"
அதைச் சொல்லக் கூடாது ஐயா.
"நீ சொல்லாண்டாம். எங்க வகையறாவுல
அந்தப் பேருல இன்னும் ஒருத்தன்தான் இருக்கான்.
வரப்புத் தகராறு. பதினோரு வருசமாப் பேச்சில்லை."
மறுபடி பம்புசெட்.
"அவன் என் சீட்டப் பாத்திருப்பானோ?"

பதிவேட்டைத் திறந்தேன்.
பார்த்திருந்தார்.
முதல் நாள், காலை 9:42, 312.
ஒரே ஒரு முறை. புதுப்பிக்கவே இல்லை.
அன்றிலிருந்து என்னென்ன சாப்பிடாமல் கிடக்கிறாரோ.

அடுத்த எண்ணை அழுத்தினேன்.
யாரோ ஒரு பையன் எடுத்தான்.
பேச்சிமுத்து ஐயா இருக்காங்களா என்றேன்.
"எந்தப் பேச்சிமுத்து?"