நான்காவது வரிசை

எங்கள் லீகில் டாக்ஸிக்குக் காசு கிடையாது.
அதனால் அதிகாலை மூன்றே முக்காலுக்கு
இல்மாரியை நான்தான் கொண்டுபோய் விடுகிறேன்,
அவனுடைய காரிலேயே.
பின்சீட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மட்டைகள்
பள்ளம் வரும்போதெல்லாம் என் காதைத் தொடுகின்றன.
பையிலிருந்து வருவது
நனைந்த நாயின் வாசம்.
இரண்டு பேருக்கும் அது பழக்கம்.

மேல் லீகில் யாருக்கோ முழங்கால் பிசகிவிட்டது.
நள்ளிரவில் போன் வந்தது.
யார் முழங்கால் என்று அவன் கேட்கவில்லை.
இங்கே யாரும் கேட்பதில்லை.

டோலிடோவைத் தாண்டும்வரை எங்களுக்கு முன்னால்
உப்புத் தூவும் லாரி ஒன்று மட்டும்.
சந்தோஷத்தை என் எதிரில் எங்கே வைப்பதென்று தெரியாமல்
மடியில் வைத்திருக்கிறான்,
மூடி சரியில்லாத காப்பிக் கோப்பையைப் போல.

நானும் ஒன்று வைத்திருக்கிறேன், சொல்லவில்லை.
இன்று பயிற்சி முடிந்ததும்
கோச்சின் கதவைத் தட்டுவதாக இருந்தேன்.
நான்கு நாளாகக் குளியலறையில் ஒத்திகை.
"நன்றி" என்று ஆரம்பித்தால் பொய்யாக இருக்கிறது.
"மன்னிக்கணும்" என்று ஆரம்பித்தால்
யாரிடம் என்று கண்ணாடி கேட்கிறது.

ரெஜைனாவில் அக்கா புருஷன் க்ரேடன்
லிஃப்ட் பழுதுபார்க்கிறான்.
உதவியாளாகச் சேர வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
"தினமும் மேல்மாடிக்குப் போகலாம்டா,
அதுக்கு நான் கியாரண்டி" என்றாள் லரிஸ்ஸா.
சிரித்தேன். அவளும் சிரித்தாள்.
பிறகு இரண்டு பேரும்
போனை வைக்கத் தெரியாமல் நின்றோம்.

பதினெட்டு வயதில், ஏழாவது சுற்றில்,
என் பெயரைக் கூப்பிட்டார்கள்.
டிவியில் அப்போது டயர் விளம்பரம்.
விளம்பரம் முடிந்து திரையின் ஓரத்தில்
ஹோலொவாட்டி என்று எழுத்துப்பிழையோடு ஓடியது.
"நம்ம பையன்தானா?" என்றார் அப்பா
எங்கள் ஆறு பேரைப் பார்த்து.

அன்றிலிருந்து எல்லாமே வாய்தா.
முகாம் முடியட்டும், பார்க்கலாம்.
தோள் ஆறட்டும், பார்க்கலாம்.
உன் வேகம் நல்ல வேகம்தான், ஆனால் பார்க்கலாம்.
ஐந்து வருடம், மூன்று ஊர்,
போன பல் நான்கு, போட்ட கோல் பதினேழு.
வீலிங்கிலிருந்து திரும்பும் பஸ்ஸில்
படுக்கை சீனியர்களுக்கு, தரை எனக்கு.
தரைக்குக் கீழே சக்கரம் சுற்றுவதை
முதுகெலும்பால் எண்ணியபடி வருவேன்.
கடைசி ஆறு ஆட்டம்
கோட்டுப் போட்டு, டை கட்டி,
மாடியிலிருந்து பார்த்தேன்.
அங்கிருந்து பார்த்தால் இந்த விளையாட்டு
எவ்வளவு சுலபம், தெரியுமா?

டெட்ராய்ட் விமான நிலையம். புறப்பாடு. நிறுத்த இடமில்லை.
மட்டைகளை இழுத்தான்.
ஏதோ சொல்லப் போகிறான் என்று ஜன்னலை இறக்கினேன்.
"ஃப்ரிட்ஜில் ஒன்பது முட்டை இருக்கு," என்றான்.
"கார் உன்கிட்டயே இருக்கட்டும்.
நான் திரும்பி வந்தா..."
அதற்குமேல் சொல்லவில்லை.
வந்தால் அவன் தோற்றிருப்பான்.
வராவிட்டால் எனக்கு ஒரு கார்.

திரும்பி வந்து எஞ்சினை அணைத்தபோது
கோச்சின் செய்தி, ஒரே வரி:
இன்று இரவு இரண்டாவது வரிசை. இல்மாரி இடம்.

நான் தட்டவிருந்த கதவு
எனக்கு முன்னே வந்து என்னைத் தட்டுகிறது.
சந்தோஷம் வரவில்லை.
ஸ்டியரிங்கை இரண்டு முறை குத்தினேன்.
ஹாரன் அடித்து,
எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது.

அடுப்பைப் பற்றவைத்தேன்.
ஒரு நாளைக்கு மூன்று வீதம் ஒன்பது.
வியாழனோடு தீர்ந்துவிடும்.
வெள்ளிக்கிழமை க்ரேடனுக்குப் போன்.
கணக்கு சரியாக இருந்தது,
யாரோ எனக்காகப் போட்டு வைத்ததைப் போல.

வெண்ணெய் பொரிந்தது.
ஒன்றை உடைத்தேன். இன்னொன்றை உடைத்தேன்.
மூன்றாவதைக் கையில் எடுத்து,
ஜில்லென்று கொஞ்ச நேரம் வைத்திருந்து,
திரும்ப அதன் குழியிலேயே வைத்து
ஃப்ரிட்ஜை மூடினேன்.